கிந்தா மைந்தன் என்கிற நல்லம்மாள்

தொழிற்சாலை மருந்தறையின் கதவைச் சாத்திவிட்டு, சந்திரமதி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நல்லம்மாளிடம் நீட்டினாள்.

"தலையிடி மாத்திரை பிறகு தாறன். முதல்ல இதை வாசியும். நாலு பக்கம் போதும்."

மெட்ராசில் அச்சான நாவல். அட்டையில் கூடை சுமந்த ஒரு பெண். 'கொழுந்துக் கூடைக்காரி' என்று தலைப்பு. கீழே ஆசிரியர் பெயர்: தணிகைநாதன்.

நல்லம்மாள் நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ரப்பர் மரங்கள் தேயிலைச் செடிகளாகியிருந்தன. மலேசியாவில் கிந்தாப் பக்கத்துத் தோட்டம் வால்பாறை ஆகியிருந்தது. ராக்காயி என்ற பெயர் தாயம்மா என்று மாறியிருந்தது. மற்றபடி எல்லாம் அவள் எழுதிய வாக்கியங்கள். விடியற்காலையில் மார்பில் பால் கட்டிக்கொண்ட தாய் பிள்ளைக்கொட்டகைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைப் பற்றி அவள் மூன்று முறை அடித்து எழுதிய பத்தி, ஒரு சொல் பிசகாமல் அங்கே இருந்தது.

"இது என்னோடது அக்கா."

"தெரியும். அதுதான் கதவைச் சாத்தினனான்."

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் நல்லம்மாள் காலர் பிரிவில் வேலை செய்தாள். சந்திரமதி அங்கே நர்ஸ். ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஈப்போவில் நடந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் 'ஏழாம் நிரை' என்ற தொடர்கதை வந்தது. எழுதியவர் 'கிந்தா மைந்தன்'. வாசகர்கள் அவரை யாரோ ஒரு தோட்டத்து ஆசிரியர் என்று நினைத்தார்கள். அது நல்லம்மாள் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எழுதிய தாள்களை வாங்கிக்கொண்டு போன சந்திரமதி ஒருத்தி. மற்றவர் சந்திரமதியின் அண்ணன் கதிரவேலு. நிலஅளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வட்டாரத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தின் செயலாளர்.

பெயரை மறைத்ததற்குக் காரணம் வெட்கமில்லை. அந்தக் கதை நடந்த கதை.

அறுபத்தொன்பதாம் வருடக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்களை மேய்த்த மண்டோர் பத்துமலை எல்லாருடைய விண்ணப்பங்களையும் வாங்கிக்கொண்டு போனார். நல்லம்மாளுக்குப் பக்கத்து நிரையில், ஏழாம் வரிசை ரப்பர் மரங்களில், பால் வெட்டிய ராக்காயி, கணவனை இழந்தவள். பத்துமலை அவளிடம் சில தடவை வந்து பேசிப் பார்த்தார். அவள் பால் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாளியோடு பேசுங்கள் என்றாள். எல்லாருக்கும் பெர்மிட் வந்தது. ராக்காயிக்கு மட்டும் வரவில்லை. அவளுடைய விண்ணப்பம் ஆபீசுக்கே போகவில்லை என்பது தோட்டத்தில் ரகசியமாக இருக்கவில்லை. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. பிறந்த மண்ணைத் தவிர வேறு எதையும் அறியாத ராக்காயி பினாங்கிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாள்.

அந்தப் பத்துமலை நல்லம்மாளுடைய கணவன் உடையப்பனின் அண்ணன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எல்லாரும் சிதறினார்கள். பத்துமலை ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டராகி, ஜெலாப்பாங்கில் வீடு கட்டி, கோயில் தலைவரும் ஆனார். தம்பி குடும்பத்துக்கு வீட்டின் பின்கட்டு அறையைக் கொடுத்தார். உடையப்பன் ஓட்டிய லாரியும் அண்ணனுடையதுதான். அந்தக் கூரைக்குக் கீழே, மகள் பாப்பா தூங்கிய கட்டிலோரம் குந்தியிருந்துதான் நல்லம்மாள் 'ஏழாம் நிரை'யை எழுதி முடித்தாள். எழுதியது யார் என்று தெரியாதவரை, அது ஏதோ ஒரு தோட்டம், ஏதோ ஒரு மண்டோர். தெரிந்துவிட்டால் அது பத்துமலை.

புத்தகத்தின் முடிவை அவள் மதிய இடைவேளையில் படித்தாள். அவளுடைய கதையில் ராக்காயி கப்பல் தட்டில் நின்று, கரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு போவாள். இந்தப் புத்தகத்தில் தாயம்மா ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்து, மண்டோர் இடத்தில் வரும் மேஸ்திரியின் காலில் விழுகிறாள். அவர் மன்னிக்கிறார். அவருடைய இரண்டாவது மனைவியாகிறாள். ஊரே வாழ்த்துகிறது.

அன்றைக்கு நல்லம்மாள் தைத்த காலர்களில் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஈப்போவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த சங்க அறைக்குப் போனாள். கதிரவேலு நாவலையும் பழைய தொடரையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வைத்திருந்தார்.

"சட்டப்படி இதுக்கு வழியில்லை, தங்கச்சி," என்றார். "நாடுகளுக்கு நடுவில எழுத்துரிமைக்கு எண்டு ஒரு உடன்படிக்கை இருக்குது. இந்தியா அதில சேர்ந்திருக்கு. எங்கட நாடு இன்னும் சேரேல்லை. இங்க எழுதினதை அங்க எவனும் அள்ளலாம். கேட்க ஆளில்லை."

"அப்ப அவ்வளவுதானா அண்ணே?"

"சட்டம் செய்யாததைச் சங்கம் செய்யலாம். மெட்ராசில இருக்கிற எழுத்தாளர் சங்கத்துக்கு எழுதுறன். தணிகைநாதன் அவையின்ர அங்கத்தவர். தங்கட ஆளை விசாரிக்க அவைக்கு உரிமை இருக்கு. இவ்வளவு காலமும் அங்கத்தவர்கள் குறை சொன்னாலும் நாங்கள் முறையாக் கேட்டதில்லை. அவையும் பதில் சொன்னதில்லை. இதுதான் முதல் தரம்."

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மெட்ராஸ் சங்கம் குற்றச்சாட்டைத் தள்ளிவிடவில்லை. அவர்களுடைய இணைச் செயலாளர் வேதநாயகி, தொழிலால் வழக்கறிஞர். இரண்டு பிரதிகளும் ஒன்றே என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் தணிகைநாதன் சொன்ன விளக்கம் வேறு மாதிரி இருந்தது. இளமையில் தான் மலாயாவில் இருந்ததாகவும், 'கிந்தா மைந்தன்' தன்னுடைய புனைபெயரே என்றும், தன் பழைய தொடரைத் தானே திருத்தி நூலாக்கியதாகவும் அவர் சொல்லிவிட்டார். கிந்தா மைந்தன் வேறு ஒருவர் என்றால் அவரை நேரில் கொண்டுவாருங்கள் என்று சவாலும் விட்டிருந்தார்.

மாசி மாதம் மலேசியாவில் அவருக்குச் சொற்பொழிவுச் சுற்றுலா இருந்தது. அதே சமயத்தில் வேதநாயகி தம் சங்கத்தின் சார்பில் ஈப்போவுக்கு வருவார். இரண்டு சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து விசாரிக்கும்.

"ஆளு வராட்டி?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

கதிரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரிட்ட எங்கட சங்கம் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையில போடவேணும். அப்பிடித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறம். உம்மை மாதிரி இன்னும் மூண்டு பேரின்ர கதைகள் அங்க போயிருக்கு. பாரிட் புந்தாரில ஒரு வாத்தியார், காம்பாரில ரெண்டு பேர். நாங்கள் இதில தோத்தால் அவையின்ர புகாரை ஒருத்தரும் கையில எடுக்கமாட்டினம்."

"என் பேர வெளிய சொல்லாம செய்ய முடியாதா?"

"பேரில்லாத ஒரு ஆளுக்கு எப்பிடி உரிமை கேட்கிறது?"

"நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு அண்ணே. நா அந்த வீட்டுலதான்லா இருக்கேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நல்லம்மாள் படியிறங்கி வந்து, மீன் வாங்க மறந்து, பாதி வழி போய்த் திரும்பி வந்தாள்.

*

விசாரணைக்கு முந்தைய நாள் தணிகைநாதன் பத்துமலையின் வீட்டுக்கே சாப்பிட வந்தார்.

வரவேற்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் பத்துமலை அவரைக் கோயில் மண்டபத்தில் பேசவைத்திருந்தார். பேச்சு முடிந்ததும் பெரியவர்கள் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பத்துமலையின் மனைவி காளியம்மா அடுப்படியில் நின்று எடுத்துக் கொடுக்க, நல்லம்மாள் பரிமாறினாள்.

தணிகைநாதன் சிவந்த மேனியும் சிரித்த முகமுமான மனிதர். அவர் ஒரு கொடியவரைப் போல இருப்பார் என்று நல்லம்மாள் எதிர்பார்த்திருந்தாள். அவரோ ஒவ்வொரு கரண்டிக்கும் "போதும் தாயி, போதும்" என்றார்.

"ஐயாவோட புத்தகத்தப் பத்தித்தான் ஈப்போ பூரா பேச்சு," என்றார் பத்துமலை. அவர் அதைப் படித்ததில்லை. "தோட்டத்துச் சனங்களப் பத்தி எழுதியிருக்கீங்களாம்."

"அனுபவம் ஐயா. இந்த மண்ணில் நான் அலைந்த நாட்கள். அந்தப் பெண்ணை நான் கண்ணால் கண்டவன்."

"நாங்களும் தோட்டந்தான். நா மண்டோரா இருந்தவன். எவ்வளவு பேருக்குப் பெர்மிட் வாங்கிக் கொடுத்திருக்கேன் தெரியுமா? இன்னிக்கும் கும்பிடுவாங்க."

"அதைத்தான் நானும் காட்டியிருக்கிறேன். மேஸ்திரியைக் கெட்டவனாகவே விட்டுவிட மனம் வரவில்லை. கடைசியில் அவள் அவருடைய பெருமையை உணர்ந்து காலில் விழுகிறாள்."

"சரியாச் செஞ்சீங்க," என்றார் பத்துமலை.

நல்லம்மாளின் கையில் ரசப் பாத்திரம் இருந்தது. ஒருவர் அவள் எழுத்தைத் தின்றுகொண்டிருந்தார். இன்னொருவர் அவள் எழுதிய மனிதர். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அவள் ரசம் ஊற்றினாள். கூடத்திலிருந்து வெளியே போக ஒரே வாசல். அதில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் போனால் அடுப்படி, அதைத் தாண்டினால் அவளுடைய அறை, அதற்கு அப்பால் மதில்.

அடுப்படிக்குத் திரும்பியபோது காளியம்மா கதவோரம் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கூட்டு எடுத்துப் போ," என்று மட்டும் சொன்னாள்.

*

மறுநாள் உடையப்பனுக்கு ஈப்போவில் சரக்கு எடுக்கிற வேலை இருந்தது. சங்க அறைக்குப் போகவேண்டும், அங்கே இறக்கிவிடுங்கள் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. சிலிபின் சாலையைத் தாண்டியதும் அவளாகவே ஆரம்பித்தாள். தொடரைச் சொன்னாள், பெயரைச் சொன்னாள், மெட்ராஸ்காரரைச் சொன்னாள். ராக்காயி என்று வந்தபோது உடையப்பன் லாரியை ஓரம் கட்டி நிறுத்தினான்.

"அண்ணனப் பத்தியா எழுதின?"

"ராக்காயியப் பத்தி எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்லா." ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னால் பார்த்தான். "அண்ணன் செஞ்சது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச கதைய எதுக்கு எழுதணும்?"

"தெரிஞ்சவங்க யாரும் பேசல. அதுக்குத்தான்."

"இப்ப நீ அங்க போயி பேரச் சொன்னா நமக்கு வீடு இல்ல. லாரி இல்ல. பாப்பாவ எங்க கொண்டுபோயி வைக்கிற?"

"தெரியல."

"தெரியாமலே போறியா?"

"போகாட்டி அந்த ஆளு கிந்தா மைந்தன் ஆயிருவாரு. ராக்காயி மண்டோர் கால்ல விழுந்தவளாவே இருந்துருவா. எனக்கு அது முடியலங்க. வீட்ட விட்டுப் போறத விட அது சூசாவா, கஷ்டமா இருக்கு."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவனுக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வந்தால் அவளும் கோபப்படலாம். அவன் முகத்தில் இருந்தது பயம். அவளிடம் இருந்த அதே பயம்.

"நா மேல வரமாட்டேன்," என்றான் கடைசியில். லாரியைக் கிளப்பினான். மளிகைக் கடை வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

*

மாடியில் மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். நடுவில் வேதநாயகி, நரைத்த தலை, பருத்திப் புடவை. ஒரு பக்கம் தணிகைநாதன். எதிரே கதிரவேலுவும் சங்கக் குழுவினரும். நல்லம்மாள் உள்ளே வந்ததும் தணிகைநாதன் எழுந்தார்.

"அட, பத்துமலை ஐயா வீட்டுப் பெண்ணல்லவா? என்ன தாயி, ஏதாவது சொல்லியனுப்பினாரா?"

"இல்ல," என்றாள் நல்லம்மாள். "நாந்தான் கிந்தா மைந்தன்."

சங்கக் குழுவில் இருந்த இரண்டு பேர் கதிரவேலுவைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இது புதிது.

தணிகைநாதன் சிரித்தார். "நேற்று எனக்கு ரசம் ஊற்றிய பெண். இன்றைக்கு எழுத்தாளர். யார் வேண்டுமானாலும் வந்து சொல்லிக்கொள்ளலாமா?"

"சொல்லிக்கொள்ள முடியாது," என்றார் வேதநாயகி. "அதனால்தான் இரண்டு பேரிடமும் கையெழுத்துப் பிரதி கேட்டோம். இங்கே கிந்தா மைந்தனுடையது இருக்கிறது, அடித்தல் திருத்தலோடு. உங்களுடையது எங்கே?"

"மழையில் போய்விட்டது. முன்பே சொன்னேனே."

"மலாயாவில் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்?"

"பல தோட்டங்கள்."

"உங்கள் பாஸ்போர்ட் போன மாதம் முதன்முதலாக எடுத்தது. சங்கத்துக்கு நீங்களே கொடுத்த தகவல். அதற்கு முன்பு எப்படி வந்தீர்கள்?"

அவர் பதில் தேடிய நேரத்தில் நல்லம்மாள் பேசினாள். அவருக்கு எதிராக வாதம் செய்ய அவள் நினைக்கவில்லை. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது வந்துவிட்டது.

"ஐயா, கதை வேணும்னு எடுத்துக்கிட்டீங்க. சரி. அவள எதுக்கு அந்த ஆளு கால்ல விழ வச்சீங்க? அவ விழலையே. விழுந்திருந்தா இங்கயே இருந்திருப்பா. விழமாட்டேன்னுதான் போனா. அது ஒண்ணுதான் அவகிட்ட இருந்துச்சு."

தணிகைநாதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோக முடிவு விலைபோகாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார், தொடர் வந்த பத்திரிகை நின்றுபோய்விட்டது, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றார். குரல் மேடைக் குரலாக இல்லை. அவரும் அந்த அறையிலிருந்து வெளியேற வழி தேடுகிறவர் போலத்தான் இருந்தார்.

வேதநாயகி முடிவைச் சொன்னார். புத்தகத்தைப் பதிப்பாளர் திரும்பப் பெறவேண்டும். மெட்ராசில் 'ஏழாம் நிரை' அதன் முடிவோடு அச்சாகும்வரை தணிகைநாதன் சங்கத்தில் பொறுப்பு எதிலும் இருக்கமுடியாது. இனிமேல் கடல் தாண்டி வரும் புகார் எதுவானாலும் இரண்டு சங்கங்களும் சேர்ந்து விசாரிக்கும். இரண்டு ஊர்ச் சங்க இதழ்களிலும் இது அறிவிப்பாக வரும்.

பிறகு நல்லம்மாளைப் பார்த்தார். "அறிவிப்பில் எந்தப் பெயரைப் போடுவது? புனைபெயரை மட்டும் போடலாம். கதிரவேலு உங்கள் நிலைமையைச் சொன்னார். நாங்கள் ஆறு பேரும் வாயை மூடிக்கொள்வோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். புனைபெயரை மட்டும் போட்டால் நாளைக்கு இன்னொருவர் அதே பெயரை எடுத்துக்கொள்ளலாம்."

வாசல் திறந்திருந்தது. யாரும் அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது ஒரு பூட்டுத்தான். பாப்பா இப்போது பள்ளியிலிருந்து வந்திருப்பாள். தணிகைநாதன் எப்படியும் வாயை மூடிக்கொள்ளப் போவதில்லை.

"ரெண்டையும் போடுங்க," என்றாள். "கிந்தா மைந்தன் என்கிற நல்லம்மாள், ஜெலாப்பாங்."

*

அறிவிப்பு அச்சாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே பத்துமலைக்குச் செய்தி வந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டார்.

"லாரிச் சாவியக் கொடு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள அறையக் காலி பண்ணிரு."

உடையப்பன் சாவியை மேசையில் வைத்தான். அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று நல்லம்மாளுக்கு இருந்தது. கேட்கமாட்டான் என்றும் தெரிந்திருந்தது.

சாமான் கட்டும்போது காளியம்மா பின்கட்டுக்கு வந்தாள். எப்போதும் வேலை சொல்லத்தான் வருவாள். அன்று சும்மா நின்றாள்.

"அந்தக் கதையில நா இருக்கேனா?"

"இருக்கீங்க அக்கா."

"என்னா செய்றேன்?"

நல்லம்மாள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "கதவுக்குப் பின்னாடி நிக்கிறீங்க. எல்லாத்தையும் கேக்குறீங்க."

காளியம்மா தலையை ஆட்டினாள். "வேற எங்க போயி நிக்கிறது," என்றாள். அடுக்களையிலிருந்து ஒரு டின் அரிசியைக் கொண்டுவந்து சாமான்களோடு வைத்துவிட்டுப் போனாள்.

புந்தோங்கில் ஒரு பலகை வீட்டின் முன்னறை கிடைத்தது. உடையப்பன் ஒரு சீனத் தவ்கே முதலாளியிடம் செங்கல் லாரி ஓட்டப் போனான். நல்லம்மாளுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ். கோயிலில் அவளோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். பழைய தோட்டத்துப் பெண் ஒருத்தி சந்தையில் அவளைக் கண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனாள். பத்துமலை அடுத்த வருடமும் கோயில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாரிட் புந்தார் வாத்தியாரின் கதை அவருடைய பெயரிலேயே மெட்ராசில் மறுபடி வந்தது. காம்பார்க்காரர்களுடைய புகார் இழுத்துக்கொண்டு கிடந்தது. 'ஏழாம் நிரை' அச்சாகி வர இன்னும் ஒரு வருடமானது.

அந்த மாதங்களில் உடையப்பன் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினான். சாப்பாடு, பாப்பாவின் பள்ளிக்கூடம், தண்ணீர். அந்த அறையில் மூன்று பேருக்கும் தள்ளிப்போய் உட்கார இடமில்லை. ஆகவே மௌனத்தையும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து தாங்கவேண்டியிருந்தது. சில சமயம் பழைய வீட்டின் பின்கட்டு இதைவிடப் பெரியது என்று அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காக அவள் தன்மேல் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் பெய்தது. நல்லம்மாள் ஜன்னலோரம் பலகையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். உடையப்பன் கட்டிலில் படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப யாரப் பத்தி எழுதுற?"

"இன்னும் தெரியலங்க."

"என்னப் பத்தியா?"

அவள் பேனாவை நிறுத்தினாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "கொஞ்சம் வரும்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். தூங்கிவிட்டான் என்று அவள் நினைத்தபோது மெதுவாகக் கேட்டான்.

"அண்ணன்கிட்டச் சாவியக் கொடுத்தேனே. அது வருமா?"

"வரும்."

"ஒண்ணும் கேக்காம நின்னேன்லா. அதையும் போட்ரு," என்றான். "மாத்தாத."